முள்ளைத் தொடாதீர்கள்

பழைய காரின் ஸ்பீடோமீட்டர் தப்பாகக் காட்டுகிறது என்று பட்டறையில் போய்ச் சொன்னால், பெரும்பாலும் முதலில் கை வைப்பது முள்ளில்தான். கடைசியாகக் கை வைக்க வேண்டிய இடம் அது. கண்ணாடியைக் கழற்றுவார்கள், முள்ளைப் பிடுங்குவார்கள், இரண்டு கோடு பின்னால் தள்ளிச் சொருகுவார்கள். "இப்போது ஓட்டிப் பாருங்கள், சரியாக இருக்கும்" என்பார்கள். சரியாகத்தான் இருக்கும், ஏதோ ஒரு வேகத்தில். அதற்கு மேலேயும் கீழேயும் மீட்டர் புதிதாக ஒரு பொய்யைச் சொல்லத் தொடங்கியிருக்கும். பழைய பொய்யையாவது நாம் பழகி வைத்திருந்தோம்.

என்னிடம் இருப்பது அறுபதுகளின் பிற்பகுதியில் பிறந்த ஸ்டாண்டர்ட் ஹெரால்ட். இங்கிலாந்தின் டிரையம்ப் ஹெரால்டை ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனம் 1961 முதல் சென்னையில் தயாரித்தது. வடிவமைத்தவர் இத்தாலிக்காரர் ஜியோவன்னி மிக்கெலோட்டி. மட்கார்டு, ஹெட்லைட் உட்பட முன்பக்கம் மொத்தமும் ஒரே துண்டாக முன்னோக்கிக் கவிழ்ந்து திறக்கும். பெட்ரோல் பங்கில் அதைத் திறந்தால் நாலு பேர் கூடிவிடுவார்கள். பிரிட்டனின் பழைய கார் ரசிகர்கள் கறாரானவர்கள். அவர்கள் கணக்கில் 1930க்குப் பிறகு வந்த எதுவும் விண்டேஜ் அல்ல. நம் மத்திய அரசு 2021இல் கொண்டுவந்த விதியின்படி முதல் பதிவுக்குப் பின் 50 ஆண்டு தாண்டிய வண்டி விண்டேஜ்தான். எனக்கு அரசின் கணக்கே வசதியாக இருக்கிறது.

இந்த வண்டியின் மீட்டர் வேகத்தைக் கூட்டிக் காட்டுகிறது என்பது வாங்கிய நாளிலிருந்தே தெரியும். எவ்வளவு கூட்டுகிறது என்பதுதான் தெரியாது. பக்கத்தில் புதுக் காரை ஓட்டிவரச் சொல்லி ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள் பலர். அது வேண்டாம். புதுக் காரின் மீட்டரும் உண்மை சொல்வதில்லை, சொல்லவேண்டும் என்று கட்டாயமும் இல்லை. உலகின் பல நாடுகள் பின்பற்றும் ஐ.நா.வின் 39ஆம் எண் வாகன ஒழுங்குமுறை சொல்வது இதுதான்: மீட்டர் உண்மையான வேகத்தைவிடக் குறைத்துக் காட்டவே கூடாது, ஆனால் உண்மை வேகத்தில் பத்தில் ஒரு பங்கு, அதோடு ஒரு 4 கிலோமீட்டர் வரை கூட்டிக் காட்டலாம். அதாவது 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது முள் 92இல் நின்றாலும் சட்டப்படி குற்றமில்லை. தயாரிப்பாளர்கள் இந்தச் சலுகையை விட்டுவைப்பதில்லை. ஆகவே நண்பரின் புதுக் காரை வைத்துப் பழைய காரைச் சரிசெய்வது என்றால், ஒரு பொய்யைக் கொண்டு இன்னொரு பொய்யைத் திருத்துவதுதான்.

செல்பேசியில் உள்ள ஜி.பி.எஸ். போதும். ஒரு நிபந்தனை உண்டு: நேரான, மட்டமான சாலையில், வேகத்தைக் கூட்டாமல் குறைக்காமல் கொஞ்ச நேரம் ஓட்ட வேண்டும். வேகம் மாறும்போது ஜி.பி.எஸ். சற்றுப் பின்தங்கித்தான் காட்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் திண்டிவனம் போகும் சாலையில் மகள் செல்பேசியைப் பார்த்து எண்ணைச் சொல்ல, நான் மீட்டரைப் பார்த்துச் சொல்ல, அவளே இரண்டையும் எழுதிக்கொண்டாள். உண்மை வேகம் 30 என்றபோது முள் 37இல் நின்றது. 50 என்றபோது 58. 70 என்றபோது 79.

இந்த மூன்று வரியை வைத்துக்கொண்டு, மீட்டரைத் திறக்காமலேயே உள்ளே என்ன கோளாறு என்று சொல்லிவிட முடியும். அதற்கு முன்னால் அந்த டப்பாவுக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்துவிடலாம்.

1902இல் ஓட்டோ ஷுல்ட்ஸே என்ற ஜெர்மானியர் காப்புரிமைக்குப் பதிவு செய்த ஏற்பாடு அது. கியர்பாக்ஸின் பின்முனையில் ஒரு சின்னப் பல்சக்கரம். அதிலிருந்து வளையும் கேபிள் ஒன்று டாஷ்போர்டு வரை வருகிறது. உறைக்குள் சுழலும் உட்கம்பி மீட்டரின் அடியில் ஒரு காந்தத்தைச் சுழற்றுகிறது. காந்தத்தைச் சுற்றி, அதைத் தொடாமல், ஓர் அலுமினியக் கிண்ணம். மெக்கானிக்குகள் கப் என்பார்கள். அலுமினியத்தைக் காந்தம் ஈர்க்காது என்று பள்ளியில் படித்திருப்போம். உண்மைதான். ஆனால் காந்தம் சுழலும்போது அலுமினியத்துக்குள் சுழல் மின்னோட்டம் பிறக்கிறது. அந்த மின்னோட்டம் தானே ஒரு காந்தமாகி, சுழலும் காந்தத்தின் பின்னாலேயே கிண்ணத்தையும் இழுக்கிறது. கிண்ணத்தின் தண்டில் ஒரு ஹேர் ஸ்பிரிங் இருக்கிறது, கைக்கடிகாரத்தில் இருக்குமே அதே மாதிரி. அது கிண்ணத்தைச் சுற்றவிடாமல் பிடித்துக்கொள்கிறது. இழுப்பும் பிடிப்பும் சமமாகும் இடத்தில் கிண்ணம் நிற்கிறது. தண்டின் மறுமுனையில்தான் முள். வேகம் இரட்டித்தால் இழுப்பும் இரட்டிக்கும், முள் திரும்பும் கோணமும் இரட்டிக்கும். இந்த வகை மீட்டர்களின் டயலில் கோடுகள் சம இடைவெளியில் இருப்பது அதனால்தான். எதுவும் எதையும் தொடாமல் ஒரு முள் நகர்வதை இன்றும் என்னால் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

இப்போது முக்கியமான விஷயம். அதே கேபிள்தான் ஓடிய தூரத்தைக் காட்டும் எண்களையும் சுழற்றுகிறது. ஆனால் அங்கே காந்தம் கிடையாது, ஸ்பிரிங் கிடையாது. எல்லாம் பல்லோடு பல் பொருந்தி ஓடுவது. பல் உடைந்தால் எண்கள் நின்றுவிடும். உடையாதவரை கேபிள் எத்தனை சுற்றுச் சுற்றியதோ அதை அப்படியே எண்ணும். முள் வயதாகி மனம் மாறலாம், எண்கள் மாறாது. ஆக, ஒரே கேபிளில் இரண்டு சாட்சிகள். அதில் ஒன்று பிறழாத சாட்சி. வேக முள்ளைப் பற்றிப் புகார் வந்தால் முதலில் கூண்டில் ஏற்ற வேண்டியது தூரத்தைக் காட்டும் எண்களைத்தான்.

தேசிய நெடுஞ்சாலையில் மஞ்சள் தலை வைத்த கிலோமீட்டர் கற்கள் இருக்கின்றன. சாலையை அகலப்படுத்தும்போது பிடுங்கி நடப்பட்ட கற்களும் அவற்றில் உண்டு என்பதால் ஒரு கல்லுக்கும் அடுத்த கல்லுக்கும் இடையில் அளந்து ஏமாறக் கூடாது. பத்துக் கிலோமீட்டராவது ஓட்ட வேண்டும். என் வண்டி பத்து ஓடியபோது எண்கள் 10.4 ஓடியிருந்தன. நான்கு சதவீதம் கூடுதல்.

பல் தேய்ந்து எண்கள் அதிகம் ஓட வழியில்லை. கேபிளே தேவைக்கு அதிகமாகச் சுற்றுகிறது என்றுதான் பொருள். ஏன் சுற்றுகிறது? சக்கரம் சிறிதாகிவிட்டால் அதே தூரத்தைக் கடக்க அது அதிகம் சுற்ற வேண்டும். ஹெரால்டுக்கு முதலில் வந்த டயர் 5.20-13, நைலான் காலத்து வகை. விட்டம் சுமார் 58 சென்டிமீட்டர். எனக்கு முன்னால் வண்டியை வைத்திருந்தவர் மாட்டியது 145/80 ஆர் 13 ரேடியல். விட்டம் 56 சென்டிமீட்டரும் சொச்சமும். வித்தியாசத்தைக் கணக்கிட்டால் நான்கு சதவீதத்துக்குக் கொஞ்சம் குறைவாக வருகிறது. ஆள் அகப்பட்டுவிட்டார்.

ஆனால் முள்ளின் தவறு நான்கு சதவீதத்தோடு நிற்கவில்லை. மகள் எழுதிய எண்களைப் பாருங்கள். கூடுதல் 7, 8, 9. வேகம் 30லிருந்து 70க்கு ஏறும்போது பிழையும் ஏறுகிறது, ஆனால் மிக மெதுவாக ஏறுகிறது. டயரால் வரும் நான்கு சதவீதத்தைக் கழித்துப் பார்த்தால் 30இல் 1.2, 50இல் 2, 70இல் 2.8 போய்விடும். மூன்று இடத்திலும் மிஞ்சுவது ஒரே எண்: கிட்டத்தட்ட 6.

ஸ்பீடோமீட்டர் பழுதில் எனக்குத் தெரிந்த ஒரே சூட்சுமம் இதுதான். வேகம் ஏற ஏற அதே விகிதத்தில் பிழையும் ஏறினால் காந்தமோ டயரோ பல்சக்கரமோ காரணம். இவற்றில் டயரா காந்தமா என்பதைத் தூரத்தின் எண்கள் சொல்லிவிடும். எல்லா வேகத்திலும் பிழை ஒரே அளவாக இருந்தால் முள் இடம் மாறியிருக்கிறது அல்லது ஹேர் ஸ்பிரிங் நகர்ந்திருக்கிறது. பிழைக்கு எந்த ஒழுங்கும் இல்லாமல் முள் ஆடினாலோ, நின்ற பிறகும் இறங்காமல் ஒட்டிக்கொண்டாலோ கேபிளையோ உள்ளே புகுந்த எண்ணெயையோ பார்க்க வேண்டும். காந்தம் வயதானால் பலம் குறையும், முள் குறைத்துக் காட்டும். என் மீட்டர் கூட்டிக் காட்டுகிறது. அதனால் "மேக்னட் போய்விட்டது, சார்ஜ் போட வேண்டும்" என்று யார் சொன்னாலும் நம்புவதற்கில்லை. சொன்னார்கள், இரண்டு இடத்தில்.

டயர்க் கணக்கை உறுதி செய்ய இன்னொரு வழி உண்டு. அதற்கு வண்டியை ஓட்டவே வேண்டாம், தள்ளினால் போதும். மீட்டரின் பின்னாலிருந்து கேபிளைக் கழற்றி, உட்கம்பியின் நுனியில் ஒரு காகிதக் கொடியைச் சுற்றுங்கள். தரையில் 20 மீட்டர் அளந்து கோடு போட்டு, நியூட்ரலில் வண்டியை நேராகத் தள்ளச் சொல்லிவிட்டுக் கொடி எத்தனை சுற்றுச் சுற்றுகிறது என்று எண்ணுங்கள். அதை ஐம்பதால் பெருக்கினால் ஒரு கிலோமீட்டருக்கு எத்தனை சுற்று என்று கிடைக்கும். ஸ்மித்ஸ் போன்ற பிரிட்டிஷ் மீட்டர்களின் டயலில் கீழே பொடி எழுத்தில் ஓர் எண் இருக்கும். மைல் மீட்டரில் அது ஒரு மைலுக்கான சுற்று, கிலோமீட்டர் மீட்டரில் ஒரு கிலோமீட்டருக்கான சுற்று. கொடியின் கணக்கும் டயலின் எண்ணும் ஒன்றாக இருந்தால் வண்டியும் மீட்டரும் ஒன்றுக்கொன்று பொருத்தம். எனக்கு வந்தது டயலில் இருந்ததைவிட நான்கு சதவீதம் அதிகம். சிலர் ஒரு பின்சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கிச் சுற்றி எண்ணுகிறார்கள். இரண்டு பின்சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற வழிவிடும் டிஃபரென்ஷியல் இருப்பதால் அப்போது கேபிள் பாதிதான் சுற்றும். அது தெரியாமல் கணக்குப் போட்டுவிட்டு மீட்டரே வேறு வண்டியுடையது என்று முடிவுகட்டியவர்களை எனக்குத் தெரியும்.

இவ்வளவும் முடித்த பிறகே சென்னையின் பழைய உதிரிபாகச் சந்தையான புதுப்பேட்டைக்குப் போனேன். ஒரு சந்துக்குள் பழைய மீட்டர்களை மட்டும் பார்க்கும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். எல்லோருக்கும் அவர் பாய்தான். நான் சொல்ல ஆரம்பித்ததுமே கையைக் காட்டி நிறுத்திவிட்டு, மீட்டரைத் தன் சுழற்றியில் மாட்டினார். பழைய தையல் மெஷின் மோட்டார் ஒன்றை வைத்து அவரே செய்துகொண்டது. காலால் மிதித்து வேகத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். தண்டில் ஒட்டிய வெள்ளிக் காகிதத்தை நோக்கி டாகோமீட்டரை நீட்டினால் நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்று தெரியும். இதில் ஓர் அழகான கணக்கு இருக்கிறது. மணிக்கு 60 கிலோமீட்டர் என்றால் நிமிடத்துக்கு ஒரு கிலோமீட்டர். எனவே டயலில் உள்ள எண் எதுவோ, அத்தனை சுற்றில் மோட்டாரை நிறுத்தினால் முள் சரியாக 60இல் நிற்க வேண்டும். மைல் மீட்டருக்கும் அப்படியே. டயலில் 1,280 என்று இருந்தால் நிமிடத்துக்கு 1,280 சுற்றில் 60 மைல். கூட்டல் கழித்தல் எதுவும் தேவையில்லை.

என் மீட்டரின் முள் 66இல் நின்றது. வேகத்தைப் பாதியாகக் குறைத்தார். 36.

"மேக்னட் நன்றாக இருக்கிறது, தம்பி. யாரோ டயலைத் துடைக்கிறேன் என்று முள்ளைக் கழற்றியிருக்கிறார்கள்" என்றார்.

மீட்டரின் முன்வளையம் திருகாணியில் நிற்பதில்லை. உட்புறம் சின்ன நாக்குகள் இருக்கின்றன. வளையத்தைக் கொஞ்சம் திருப்பினால் அவை உடலில் உள்ள வெட்டுக்கு நேராக வரும், உருவிக்கொள்ளலாம். அரை நூற்றாண்டாகக் கல்லாகிப்போன ரப்பர் வளையம் அதைத் திரும்பவிடாது. பாய் நெம்பவில்லை. சுற்றிலும் ஒரு சொட்டு மண்ணெண்ணெய் விட்டு, வேறு ஒரு மீட்டரைப் பார்க்கப் போய்விட்டார். டீ வந்தது. பிறகு வந்து இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துத் திருப்பினார், கழன்றது.

முள் பூஜ்ஜியத்துக்குக் கீழே போகாதபடி ஒரு சிறு கம்பி முளை தடுப்பாக இருக்கிறது, அதைப் 'பின்' என்பார்கள். பாய் சின்ன இடுக்கியால் முள்ளின் நுனியை இம்மியளவு தூக்கி, பின்னுக்கு மேலாகக் கடத்தி, மறுபக்கம் விட்டார். அது கீழே இறங்கும் என்று எதிர்பார்த்தேன். பின்னை ஒட்டியே நின்றுவிட்டது. அவர் டயலைத் திருப்பி வெளிச்சத்தில் காட்டினார். பின்னுக்குக் கொஞ்சம் கீழே, குண்டூசி முனையளவு ஒரு வெள்ளைப் புள்ளி. இத்தனை காலம் நான் அதைப் பெயிண்ட் தெறிப்பு என்று நினைத்திருந்தேன். முள் எந்தத் தடையும் இல்லாமல் விடப்பட்டால் நிற்க வேண்டிய இடம் அதுதான். பல ஸ்மித்ஸ் டயல்களில் இந்தப் புள்ளியைப் பார்க்கலாம். வண்டி நிற்கும்போது முள் பின்னின்மேல் சும்மா சாய்ந்திருக்கக் கூடாது. ஸ்பிரிங் அதைப் பின்னோடு அழுத்திக்கொண்டிருக்க வேண்டும். யாரோ ஒருவர் முள்ளைக் கழற்றித் துடைத்துவிட்டு, பூஜ்ஜியம் என்றால் பின்தானே என்று அங்கேயே சொருகிவிட்டார். அந்த ஆறு கிலோமீட்டர் அங்கிருந்து வந்தது. நின்றுகொண்டிருக்கும் வண்டியில் இந்தத் தவறு கண்ணில் படவே படாது.

இரண்டு பக்கமும் மெல்லிய தகட்டை நுழைத்துச் சம அழுத்தத்தில் முள்ளை மேலே எடுத்தார். ஒரு பக்கம் மட்டும் நெம்பினால் தண்டு வளைந்துவிடும். பிறகு கிண்ணம் காந்தத்தில் உரசும், அதற்கு மருந்து கிடையாது. புள்ளிக்கு நேராக முள்ளைச் சொருகி, தூக்கிப் பின்னுக்கு மேல் கடத்தினார். மோட்டாரை மிதித்தார். 30, 60, 90 மூன்றும் கோட்டின்மேல் வந்து நின்றன.

திறந்தது திறந்தாயிற்று என்று உள்ளே எட்டிப் பார்த்தபோது காந்தத்தோடு ஒட்டி ஒரு மெல்லிய உலோகத் தகடு தெரிந்தது. பலரும் அதைத் துரு பிடித்த வாஷர் என்று தூக்கிப் போட்டுவிடுவதாகப் பாய் சொன்னார். மீட்டரிலேயே புத்திசாலித்தனமான பாகம் அதுதான் என்பேன். அலுமினியம் சூடானால் அதன் மின்தடை கூடும், ஒரு டிகிரிக்குச் சுமார் 0.4 சதவீதம். மின்தடை கூடினால் சுழல் மின்னோட்டம் குறையும், முள் இறங்கும். காலை 20 டிகிரியில் சரியாக இருக்கும் மீட்டர், சித்திரை வெயிலில் டாஷ்போர்டு 45 டிகிரிக்குக் கொதிக்கும்போது பத்து சதவீதம் வரை குறைத்துக் காட்டிவிடும். அதைத் தடுக்கத்தான் நிக்கல் இரும்புக் கலவையில் செய்த இந்தத் தகடு. குளிராக இருக்கும்போது காந்தப் புலத்தில் ஒரு பங்கைத் தன் வழியாகத் திருப்பிவிடும். சூடானால் அந்தத் திறன் குறைந்து, அந்தப் பங்கையும் கிண்ணத்துக்கே விட்டுக்கொடுக்கும். ஒன்றின் இழப்பை மற்றது ஈடுசெய்கிறது. தகட்டைத் தொலைத்த மீட்டருக்கு எத்தனை சார்ஜ் போட்டாலும் காலையில் ஒன்று, மதியம் ஒன்று என்றுதான் காட்டும்.

போர்க்காலத்துக்கு முந்தைய வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. இருட்டில் ஒளிரும்படி ரேடியம் பூசிய டயல்கள் அந்தக் காலத்தில் உண்டு. ஒளி அணைந்திருக்கும், கதிர்வீச்சு அணைந்திருக்காது. அதைச் சுரண்டுவதோ ஊதித் துடைப்பதோ கூடவே கூடாது. முள் வழுக்கி நகராமல் தத்தித் தத்தி நகரும் க்ரோனோமெட்ரிக் மீட்டராக இருந்தால் நான் இங்கே சொன்ன எதுவும் பொருந்தாது. அது முழுக்க முழுக்கக் கடிகார வேலை. கடிகாரம் பார்ப்பவரிடம் போங்கள்.

கேபிளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். முள் துள்ளுகிறது என்று வரும் வண்டிகளில் பெரும்பாலும் மீட்டரில் ஒன்றும் இருக்காது. காய்ந்த உட்கம்பி உறைக்குள் பிடித்துக்கொண்டு, ஈரத் துணியைப் பிழிவதுபோல் முறுக்கேறி, சட்டென்று விட்டுவிடும். அந்த விடுதல்தான் துள்ளல். உட்கம்பியை உருவிக் கழுவி, லேசாகக் கிரீஸ் தடவினால் போதும். மீட்டர் பக்கம் உள்ள கடைசி அரை அடியில் மட்டும் தடவக் கூடாது. சுழலும் கம்பி கிரீஸை மேலேற்றி மீட்டருக்குள் தள்ளிவிடும், அது கிண்ணத்துக்கும் காந்தத்துக்கும் நடுவில் போய் உட்கார்ந்தால் முள் கண்டபடி ஏறும். கேபிளை மடக்கி வளைக்கவும் கூடாது. வளைவின் ஆரம் ஆறு அங்குலத்துக்குக் குறையாமல் இருக்கட்டும்.

வளையத்தை மூடும் முன் பாய் இயல்பாகக் கேட்டார்: "கிலோமீட்டர் எவ்வளவு வைக்கட்டும், தம்பி?" மீட்டரைத் திறக்கிற எல்லோரும் கேட்டுக்கொள்கிற உதவி போலிருக்கிறது. இரண்டு சாட்சிகளில் உண்மை பேசியது அந்த எண்கள்தானே, அவற்றைத் தொட வேண்டாம் என்றேன். சிரித்துக்கொண்டே மூடினார்.

இப்போது உண்மை வேகம் 30இல் முள் 31, 50இல் 52, 70இல் 73. மிச்சமிருப்பது டயரின் நான்கு சதவீதம். காந்தத்தின் பலத்தைக் கொஞ்சம் இறக்கினால் இதையும் சரிக்கட்டிவிடலாம் என்று பாய் சொன்னார், அவரால் முடியும். நான் ஒப்புக்கொள்ளவில்லை. முள் சரியாகும், தூரத்தின் எண்கள் தப்பாகவே ஓடும். நாளைக்கு முறையான அளவில் டயர் மாட்டினால் மீட்டர் வேகத்தைக் குறைத்துக் காட்டும். அபாயமான பக்கம் அதுதான். குற்றம் டயருடையது, தண்டனை காந்தத்துக்கு ஏன்? 155/80 ஆர் 13 அளவின் விட்டம் 57.8 சென்டிமீட்டர், பழைய டயருக்கு ஒரு சதவீதத்துக்குள் வந்துவிடுகிறது. இருக்கிற டயரில் இன்னும் பாதி ரப்பர் மீதமிருப்பதால் மாற்ற மனம் வரவில்லை. தேய்ந்ததும் அதைத்தான் வாங்கப்போகிறேன். மாட்டிய மறுவாரம் அதே சாலையில், அதே கற்களை வைத்து மறுபடி அளக்க வேண்டும்.